பட்டியலில் விழாத வீடு: நிவாரணக் காசும் லயன் அறையும்

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம்தான். மகாவலி பெருகி கம்பளை நகருக்குள் வந்தது. மலைப்பக்கமெல்லாம் மண்சரிவு. தண்ணீர் வடிந்ததும் அரசாங்கம் நிவாரணத்தை அறிவித்தது: வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபாய், முற்றாக இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட 50 இலட்சம் வரை. தொகை சின்னதில்லை. ஆனா கொஞ்ச நாளிலேயே தோட்டங்களில் கேட்ட பேச்சு வேற: "எங்க பேரு பட்டியல்ல இல்லையே!"

ஜீ.எஸ். ஓரவஞ்சனை பார்த்தார் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சில இடத்தில் அது நடந்தும் இருக்கலாம். ஆனால் நல்ல ஜீ.எஸ். இருக்கும் இடத்திலும் நம்ம ஆட்கள் விடுபடுகிறார்களே, அது ஏன்? அதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். அன்றிலிருந்தே தோட்டம் தனி உலகம். பேர் பதிவது செக்ரோலில், கடிதம் வருவது தோட்ட ஆபீசுக்கு, எதற்கும் துரையின் கையெழுத்து. வெளியே கிராமத்தில் விதானை இருந்தார். 1963இல் அந்த முறை போய் கிராம சேவகர் வந்தார். அரசாங்கத்தின் கண்ணும் கையும் அவர்தான். ஆனால் அந்தக் கண் கிராமத்தைப் பார்ப்பதற்காக உருவானது.

1948இல் குடியுரிமை பறிபோனது. அது திரும்பக் கிடைக்கவே பல பத்தாண்டுகள் ஆகின. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைக் காசில் தோட்டத்துக்குள் வேலை செய்யத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இன்றைக்கு தோட்டங்களும் ஜீ.எஸ். பிரிவுகளுக்குள் இருக்கின்றன. ஆனால் ஒரு பிரிவுக்குள் எத்தனையோ லயன்கள், பல இடத்தில் தமிழ் தெரியாத அதிகாரி, வீட்டுக்கு இலக்கமே கிடையாது.

இப்போது 25,000 ரூபாயைப் பாருங்கள். காசு "வீட்டுக்கு" என்கிறார்கள். ஒரே லயன் அறையில் அப்பா அம்மா, கல்யாணமான மகன், பிள்ளைகளோடு மகள் என்று மூன்று குடும்பம் இருந்தால் அது ஒரு வீடா, மூன்றா? தாளில் ஒன்று. சமைக்கும் அடுப்பு மூன்று.

வீடு கட்டும் காசில் சிக்கல் இன்னும் பெரிது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசாங்கத்தோடது, குத்தகை கம்பனியோடது, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறவரிடம் உறுதி கிடையாது. அப்போ 50 இலட்சத்தை எந்த மண்ணில் கட்டுவது?

இது புதுக் கேள்வியும் இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டம் கொஸ்லாந்த மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. தப்பியவர்கள் புது வீட்டுக்குப் போக ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. நாட்டையே உலுக்கிய அனர்த்தத்துக்கே அந்த நிலைமை என்றால், பேப்பரில் வராத ஒரு லயனுக்கு?

நாங்கள் கேட்பது சலுகை இல்லை. குடும்பத்தை எண்ணுங்கள், அறையை எண்ணாதீர்கள். பட்டியலைத் தமிழிலும் ஒட்டுங்கள், தோட்ட ஆபீஸ் வாசலிலும் ஒட்டுங்கள். வீட்டுக் காசோடு காணி உறுதியையும் கொடுங்கள்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்த அளவுகோலில் ஆட்களைத் தெரிவு செய்தீர்கள், எத்தனை விண்ணப்பங்களை ஏன் நிராகரித்தீர்கள் என்று பிரதேச செயலகத்தை எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் லயனில் எழுதத் தெரிந்த ஒரு ஆள் போதும். அடுத்த மழைக்கு முன்னால் எழுதிப் போடுங்கள்.