கோல்ஃப் மட்டைமுகம் நேர்ப்படுதல்

கோல்ஃப் ஆட்டத்தில் வீசப்படும் மட்டை பந்தைத் தொடும் க்ஷணத்தில், அதன் முகத்தின் கீழ்விளிம்பு இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக வந்து அமைவதே மட்டைமுகம் நேர்ப்படுதல் எனப்படும். மட்டைக்கும் பந்துக்கும் நேரும் ஸ்பரிசம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கு காலமே நீடிப்பதால், அந்நேரத்தில் கையால் திருத்தம் செய்வது அசாத்தியம். ஆகவே நேர்ப்பாடு முழுவதும் முந்திய அசைவுகளிலேயே நிர்ணயமாகிவிடுகிறது.

வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பின்னே உயர்த்துகையில் முன்கைகள் சுழல்வதால் முகம் திறக்கிறது. கீழிறங்கும் வீச்சில் இடுப்பு முதலில் இலக்கின் பக்கம் திரும்ப, தோள்களும் கைகளும் அதைப் பின்தொடர, மடங்கியிருந்த மணிக்கட்டுகள் அவிழ, இடது முன்கை வெளிப்புறமாகவும் வலது முன்கை உட்புறமாகவும் சுழன்று, திறந்த முகத்தை மீண்டும் நேராக்குகின்றன. அமெரிக்க வீரர் பென் ஹோகன், 1957-இல் வெளிவந்த தமது ஐந்து பாடங்கள் என்ற நூலில், இடது மணிக்கட்டின் இச்சுழற்சியை விசேஷமாக வலியுறுத்தினார். பிடியும் பிரதானமானதே: இடக்கையை வலப்புறம் மிகுதியாகத் திருப்பிப் பிடித்தால் முகம் எளிதில் மூடும், இடப்புறம் திருப்பிப் பிடித்தால் திறந்து நிற்கும்.

பந்து புறப்படும் திசையை மட்டை செல்லும் பாதையைவிட முகமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அத்திசை 1 பாகை பிசகினாலும் 200 கெஜ தூரத்தில் பந்து சுமார் 3½ கெஜம் விலகிவிடும். முகத்தின் நடுவில் பட்ட பந்தும், மட்டை செல்லும் பாதைக்கு முகம் திறந்திருப்பின் வலப்புறமும், மூடியிருப்பின் இடப்புறமும் வளையும். ஆதலால் முகமும் பாதையும் ஒருங்கே இலக்கை நோக்குவதே நேரான அடிக்கு ஆதாரமாகும்.