பின்னொளிக் கீபோர்டு மாற்றம்: மூன்று பொருத்தங்கள்

1. கேள்வி

மதுரை கோரிப்பாளையத்தைச் சுற்றி அமெரிக்கன் கல்லூரியும் மதுரை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அறைத்தோழர் உறங்கியபின் விளக்கை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யும் மாணவருக்குப் பின்னொளி ஆடம்பரமன்று, தேவை. ஒரு மாடலின் பின்னொளிக் கீபோர்டை வேறொரு மாடலில் பொருத்தலாமா? உடல், கட்டம், ஒளி ஆகிய மூன்றும் பொருந்தினால் பொருத்தலாம்.

2. பொருத்தங்கள்

2.1 உடல்: ஸ்க்ரூ துளைகளும் ஓரக் கொக்கிகளும் ஒத்திருக்க வேண்டும். பல புதிய லேப்டாப்களில் கீபோர்டு மேல்மூடியோடு பிளாஸ்டிக் குமிழ்களால் உருக்கிப் பிணைக்கப்பட்டிருக்கும். அங்கே மூடியோடு சேர்த்து மாற்றுவதே எளிது.

2.2 கட்டம்: விசைகளுக்குக் கீழே மின்கோடுகள் வரிசையும் நெடுவரிசையுமாக ஓடுகின்றன. விசையை அழுத்தினால் இரண்டு கோடுகள் தொடும். அந்தச் சந்திப்பு எந்த எழுத்து என்பதை மதர்போர்டிலுள்ள கட்டுப்பாட்டுச் சிப் முடிவு செய்கிறது. ரிப்பன் கேபிள் கச்சிதமாக நுழைந்தாலும் கட்டம் வேறாக இருந்தால் எழுத்து மாறி விழும்.

2.3 ஒளி: பல மாடல்களில் பின்னொளிக்கென்று தனியாக ஒரு சிறு ரிப்பன் உண்டு. கனெக்டரின் தாழ்ப்பாளை நகநுனியால் நிமிர்த்தி, ரிப்பனைச் செருகி, மறுபடி படுக்கவைக்க வேண்டும். பின்னொளியின்றி விற்கப்பட்ட மாடலின் போர்டில் அந்தக் கனெக்டரே இல்லாமல், பற்றவைக்கும் புள்ளிகள் மட்டும் வெறுமையாகக் கிடக்கலாம். அப்போது எழுத்து விழும், வெளிச்சம் வராது.

3. சான்று

2012இல் வந்த திங்க்பேட் லேப்டாப்களான எக்ஸ்230, டி430, டி530 மூன்றும் திரையளவில் வேறுபட்டவை; கீபோர்டு ஒன்றே. பெரிய டி530இன் பின்னொளிக் கீபோர்டு சிறிய எக்ஸ்230இல் அப்படியே ஒளிரும். 2011இன் டி420இலிருந்த, பின்னொளியில்லாத ஏழு வரிசைக் கீபோர்டைச் சிலர் டி430இல் பொருத்தினர். இடித்த கொக்கிகளை அரத்தால் தேய்த்தனர். மாறி விழுந்த விசைகளைக் கட்டுப்பாட்டுச் சிப்பின் மென்பொருளைத் திருத்திச் சரிசெய்தனர். பின்னொளிக்கு மின்சாரம் தரும் முனைகளை மட்டும் டேப் ஒட்டி மறைக்கவேண்டியிருந்தது. இல்லையேல் போர்டு கெடக்கூடும்.

4. தமிழ் எழுத்துகள்

தமிழ்99 விசையமைப்புக்குத் தமிழக அரசு 1999இல் ஒப்புதல் அளித்தது. அதன் எழுத்துகளை ஸ்டிக்கராக ஒட்டுபவர்கள் ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரையே வாங்கவேண்டும். மற்றவை விசையின் ஒளிவழியை அடைத்துவிடும்.

5. முடிவு

வாங்குபவர் முதலில் அளவைப் பார்க்கிறார், ஒளியைக் கடைசியில் நினைக்கிறார். உடற்குறை அரத்தால் தீரும். கட்டக்குறை, அரிதாகவேனும், மென்பொருளால் தீரும். போர்டில் மின்வழியே இல்லாத குறை எளிதில் தீராது. ஆகவே பின்மூடியைத் திறந்து ஒளிக்கான கனெக்டரைக் கண்ணால் கண்டபின்பே கீபோர்டுக்குக் காசு கொடுக்கவேண்டும்.