மாதிரித் தொடருந்துகளின் கணினிவழிக் கட்டுப்பாடு

மாதிரித் தொடருந்துகளின் கணினிவழிக் கட்டுப்பாடு என்பது, சிறிய அளவில் செய்யப்பட்ட தொடருந்துகளையும் அவற்றின் தடமாற்றிகள், சைகைகள் ஆகியவற்றையும் கணினி நிரல்களைக் கொண்டு இயக்கும் முறை ஆகும். இதற்கு டிசிசி எனப்படும் எண்ணியல் கட்டளைக் கட்டுப்பாடு என்னும் சீர்தரம் பரவலாகப் பயன்படுகிறது. இத்துறையில் எழுந்த ஒரு வழக்கு, திறந்த மூல மென்பொருள் உரிமங்களின் சட்ட வலிமையை ஐக்கிய அமெரிக்காவில் உறுதிப்படுத்தியது.

வரலாறு

பழைய முறையில், தண்டவாளத்துக்குத் தரப்படும் மின்னழுத்தமே வண்டியின் வேகத்தைத் தீர்மானித்தது. இதனால் ஒரே தடத்தில் உள்ள இரண்டு வண்டிகளைத் தனித்தனியே இயக்க இயலாது. எடுத்துக்காட்டாக, தூத்துக்குடித் தடம் பிரியும் வாஞ்சி மணியாச்சி சந்திப்பை மாதிரியாக அமைக்கும் ஒருவர், அங்கே முத்துநகர் விரைவுவண்டியை நிறுத்திவிட்டு வேறொரு எஞ்சினை நகர்த்த விரும்பினால், தடத்தைப் பல மின்பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆளி பொருத்த வேண்டும்.

இக்குறையை நீக்கும் டிசிசி முறையை, செருமனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கியது. 1994இல் அமெரிக்காவின் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் இதனைச் சீர்தரமாக ஏற்றது.

செயற்படும் முறை

டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் திசை மாறும் கால அளவே செய்தியைத் தாங்கிச் செல்கிறது. ஒவ்வோர் அரைப்பகுதியும் ஏறத்தாழ 58 மைக்ரோநொடி நீடித்தால் அது 1. குறைந்தது ஏறத்தாழ 100 மைக்ரோநொடி நீடித்தால் அது 0.

ஒவ்வோர் எஞ்சினிலும் டீக்கோடர் என்னும் குறிவிலக்கி உள்ளது. அது தன் முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் நிறைவேற்றும். 3 என்னும் முகவரி கொண்ட எஞ்சினை, 28 வேகப்படிகளில் 8ஆம் படியில் முன்னோக்கிச் செலுத்தும் கட்டளை பின்வருமாறு அமையும்:

முகவரி: 00000011
கட்டளை: 01110101
சரிபார்ப்பு: 01110110

முதலிரண்டு வரிகளிலும் ஒரே இடத்தில் உள்ள இலக்கங்கள் வேறுபட்டால் சரிபார்ப்பில் 1 வரும். ஒத்திருந்தால் 0 வரும். பொருந்தாத செய்தியை டீக்கோடர் புறக்கணித்துவிடும்.

கணினியின் பங்கு

கணினி, கட்டளை நிலையம் எனப்படும் கருவியுடன் இணைக்கப்படுகிறது. ஜேஎம்ஆர்ஐ என்னும் திறந்த மூல மென்பொருள் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. எஞ்சினின் முகவரி, வேகம் கூடும் விதம், குறையும் விதம் போன்றவற்றை இதன் மூலம் மாற்றலாம். ஆனால், அடிப்படை டிசிசியில் செய்தி ஒரு திசையில் மட்டுமே செல்வதால், வண்டி எங்குள்ளது என்பதைக் கணினி தானாக அறியாது. தடப்பகுதிகளில் உணரிகளைப் பொருத்திய பின்னரே தானியங்கி ஓட்டம் இயலும். செருமனியின் ஆம்பர்க் துறைமுக நகரில் 2001இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட் கண்காட்சியில் தொடருந்துகள் கணினிகளால் இயக்கப்படுகின்றன.

உரிம வழக்கு

ஜேஎம்ஆர்ஐ திட்டத்தின் டீக்கோடர் விவரக் கோப்புகள், ஆக்கியோர் பெயரும் உரிமக் குறிப்பும் இன்றி ஒரு வணிக மென்பொருளில் சேர்க்கப்பட்டன எனத் திட்டத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் ராபர்ட் ஜேக்கப்சன் முறையிட்டார். இது 2006இல் தொடங்கிய "ஜேக்கப்சன் எதிர் கேட்சர்" வழக்கின் ஒரு பகுதியாகும். இது ஒப்பந்த மீறலாக மட்டுமே இருக்கலாம் என்று கருதிய கீழ் நீதிமன்றம், 2007இல் தடையாணை வழங்க மறுத்தது. இலவசமாகத் தரப்பட்ட மென்பொருளுக்கு இழப்பீடு கணக்கிடுவது கடினம் என்பதால், இந்நிலை நீடித்திருந்தால் உரிமத்தை நிலைநாட்ட வழியின்றிப் போயிருக்கும். 2008 ஆகத்து 13 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய உரிம நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் எனத் தீர்ப்பளித்தது. 2010இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. விலை பெறாமல் உழைக்கும் தன்னார்வலர்களும் தம் பெயர் குறிப்பிடப்படுவதைச் சட்டவழி கோரலாம் என்பதே இத்தீர்ப்பின் முக்கியத்துவம் ஆகும்.