ஏப்ரல் வந்தால் எழும்ப வேணும்: உல்லைக் கரையில் ஒரு வாடகைக் கதை

போன வருசம் நவம்பர் கடைசியில நாங்கள் மூன்று பேர் அறுகம்குடாவில வாடகைக்கு வீடு தேடிப் போனோம். எங்கட வேலை ஒன்லைனில நடக்கிறது. ஆறு மாதம் கடலுக்குப் பக்கத்தில இருந்து பார்ப்போம் என்று ஆசை. பிரதான வீதியில 'அபார்ட்மென்ட்' என்று போர்டு போட்ட ஒரு மாடி வீடு பூட்டிக் கிடந்தது. மேலே இரண்டு அறை, குசினி, கடல் தெரியும் பெல்கனி. வீட்டுக்கார உம்மா வாடகையைக் குறைத்துத்தான் சொன்னா. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தா.

"மார்ச் முடியிற வரைக்கும் இரிங்க மகன். ஏப்ரல்ல சீசன் துவங்கிரும். நீங்க ஒரு மாசத்துக்குத் தாரத்த அவங்க மூணு நாளையில தருவாங்க."

எங்களுக்குக் கோபம் வந்தது. சொந்த நாட்டில இருக்கிற எங்களுக்கு ஓஃப் சீசன் மட்டும்தானா? ஒப்பந்தம் எழுதலாம் என்று கேட்டபோது அவ சிரிச்சா. "எனக்கே இந்த வளவுக்கு உறுதி இல்ல. உங்களுக்கு என்னத்த எழுதித் தர?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்தக் கரையின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

பொத்துவிலுக்குத் தெற்கே, பாலத்தைத் தாண்டினால் வருவது அறுகம்குடா. ஊர்ச் சனம் உல்லை என்று சொல்லும். மீன்பிடியும் பின்னால் வயலும்தான் பழைய பிழைப்பு. எழுபதுகளில் அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டவர் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஹோட்டல் தேவைப்படவில்லை. ஓலைக் குடிலும் ஒரு பாயும் போதும். மீன்பிடிக் குடும்பங்கள் வளவுக்குள்ளேயே கபானா போட்டு வாடகைக்கு விட்டன. கடல் கொந்தளிக்கிற மாதங்களிலும் அடுப்பெரிய அந்தக் காசு உதவியது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தவர்கள் குறைவு. ஆனாலும் அந்தப் பழக்கம் முழுதாக விட்டுப் போகவில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். உல்லையில் கரையோர வீடுகளோடு கபானாக்களும் போயின. தண்ணீர் வடிந்த சில வாரங்களில் அரசாங்கம் ஒரு விதியை அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டக் கூடாது. பாதுகாப்புக்காக என்றார்கள். ஆனால் சுற்றுலாத் தொழிலுக்கு அந்த விதியில் சலுகை இருந்தது. மீனவர் வீட்டுக்கு ஆபத்தான அதே மணல் ஹோட்டலுக்கு மட்டும் ஆபத்தில்லையா என்று சனம் கேட்டது.

அதே 2005இல் அறுகம்குடா வள அபிவிருத்தித் திட்டம் என்று ஒன்றும் வந்தது. பெரிய உல்லாச விடுதிகளுக்கான கனவு அது. ஊர்க்காரர் எதிர்த்தார்கள். நவோமி கிளைன் அந்த வருசம் அங்கே போய், 2007இல் வெளியான தன் 'த ஷொக் டொக்ரின்' நூலில் ஒரு அத்தியாயமே எழுதினார். கடைசியில் 200 மீற்றர் விதி தளர்ந்தது, சனம் திரும்பி வந்து கட்டியது. எங்கட உம்மாவின் மாடியும் அதற்குப் பிறகு எழும்பியதுதான்.

தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பாணமையில் கதை வேற மாதிரிப் போனது. யுத்தம் முடிந்து ஒரு வருசம். 2010 ஜூலையில் ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய கரையோரக் கிராமங்களிலிருந்து சுமார் 350 குடும்பங்கள் விரட்டப்பட்டன. அந்த மண்ணில் படை முகாம்கள் வந்தன. கடற்படை கபானா கட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டது. 2015 பெப்ரவரியில் காணிகளைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தும் காரியம் நடக்கவில்லை. 2016 மார்ச்சில் ஒரு பகுதிச் சனம் தாங்களாகவே ராகம்வெலவுக்குள் போய்க் குடிசை போட்டது. பறிகொடுத்தவர்களில் பெரும்பாலானோர் சிங்கள விவசாயிகளும் மீனவர்களும். காணிப் பறிப்பைத் தமிழர் பிரச்சினையாக மட்டும் பேசிப் பழகிய நாங்கள் இதைக் கவனிக்க வேணும்.

இப்போது காணி வேறொரு வழியால் கைமாறுகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. அந்தச் சட்டம் வந்தபோது, அபார்ட்மென்ட் என்றால் நான்காம் மாடியும் அதற்கு மேலும் வாங்கலாம் என்று இருந்தது. உல்லை மாதிரிச் சின்ன ஊரில் அப்போது நான்காம் மாடிக்கு எங்கே போவது? ஆனால் நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கத் தடையில்லை. உம்மா கையைக் காட்டிச் சொன்னா: "அந்தா, பக்கத்து வளவுக்காரர் பத்து வருசத்துக்கு லீசுக்குக் குடுத்தார். இப்ப அங்கேயே குசினியில சமைக்கிறார். சம்பளம் குடுக்கிறாங்கதான்."

நாங்கள் மார்ச் முடியும் வரைக்கும் இருந்தோம். போகும்போது கோபம் இருக்கவில்லை. எங்களை எழுப்பியது உம்மாவின் பேராசை என்று இப்போது சொல்ல மாட்டோம். உறுதி இல்லாத வளவில், அடுத்த விதி எப்ப வரும் என்று தெரியாமல், ஆறு மாத சீசனில் ஒரு வருசச் சாப்பாட்டைச் சேர்க்கிறவ அவ. எங்களுக்குப் போக வேறு வீடு இருந்தது.

கடற்கரை ஊரில் அறை தேடும்போது வைஃபை எப்படி, ஏசி இருக்கா என்று நாங்கள் எல்லாரும் கேட்போம். இனிமேல் இன்னொன்றையும் கேட்போம்: இந்த வளவு யாருடையது, நாங்கள் கொடுக்கும் காசு யாருக்குப் போகுது? முடிந்தால் அங்கே குடியிருக்கிற ஆளின் கையில் கொடுப்போம்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது உம்மா கேட்டா: "நவம்பர்ல வருவீங்கதானே மகன்?" வருவோம் என்றோம். அவவின் வளவு அவவிடம் இருந்தால், கட்டாயம் வருவோம்.