நாஜி சினிமாவும் இரக்கத்தின் அரசியலும்



நாஜி சினிமா என்றதும் அணிவகுப்பும் கொடியும் ஹிட்லரின் உரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1933 முதல் 1945 வரை அங்கே தயாரான ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைப்படங்களில் பெரும்பாலானவை காதலும் நகைச்சுவையும் பாட்டும்தான். பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் இதைத் தெரிந்தேதான் செய்தார். பிரச்சாரம் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால் அது பலிக்காது என்பது அவர் கணக்கு. 1940இல் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. யூதர்களை எலிக்கூட்டத்தோடு சேர்த்துக் காட்டிய 'நித்திய யூதன்' ஆவணப்படத்துக்குக் கூட்டம் வரவில்லை. அதே வெறுப்பைக் காதல், மானம், பழி என்று கதையாக்கிய 'யூதன் சூஸ்' படத்தைச் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள்.

இவை இரண்டிலும் வெறுப்பு வெளிப்படையானது. வசவை அடையாளம் காண நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பேச விரும்புவது வசவே இல்லாத ஒரு படத்தைப் பற்றி.

1941 ஆகஸ்ட் 29 அன்று பெர்லினில் வெளியானது 'நான் குற்றம் சாட்டுகிறேன்'. இயக்குநர் வோல்ஃப்காங் லீபனைனர். நாயகி ஹன்னா பியானோ வாசிப்பவள். கணவர் மருத்துவப் பேராசிரியர். ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவள் கை ஓடாமல் நின்றுவிடுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடல் மெல்ல முடங்குகிறது. சாவைத் தரும்படி கேட்கிறாள்; கணவர் மருந்து கொடுக்கிறார். பிறகு நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டிலிருந்து அவர் சட்டத்தின் மேலேயே குற்றம் சாட்டுகிறார். தீர்ப்பு சொல்லப்படாமல் படம் முடிகிறது. அதை அரங்கில் இருப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதையைப் படமாக்கத் தூண்டியவர்கள் டி4 என்ற கொலைத் திட்டத்தை நடத்தியவர்கள். 1940 தொடங்கி 1941 ஆகஸ்ட் வரை 6 இடங்களில், 70,000க்கும் மேற்பட்ட மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் விஷவாயுவால் கொன்ற திட்டம் அது. அவர்களில் யாரும் சாவைக் கேட்கவில்லை. யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. மருத்துவமனைகள் படிவம் நிரப்பி அனுப்பின: என்ன நோய், எத்தனை காலமாக, ஏதாவது வேலை செய்ய முடியுமா. நோயாளியின் முகத்தைக்கூடப் பாராத மூன்று மருத்துவர்கள் அந்தக் காகிதத்தில் குறியிட்டார்கள். சிவப்புக் கூட்டல் குறி என்றால் சாவு. நீலக் கழித்தல் குறி என்றால் உயிர். வீட்டுக்குப் பொய்க் காரணம் எழுதிய கடிதம் போனது.

ஆக, கேட்கப்படாத அத்தனை பேருக்கும் பதிலாகத் திரையில் ஒருத்தி சம்மதம் சொன்னாள். அதற்கு வசதியான வீட்டு அழகான பெண்ணைத் தேர்ந்தார்கள், கவனியுங்கள். பார்வையாளர் அவளுக்காக அழலாம். விடுதிகளில் கிடந்தவர்களுக்காக அழுது பழகியவர் அங்கே யார்? அவர்கள் இருக்கும் பக்கமும் படம் ஒருமுறை போகிறது. மூளைக்காய்ச்சலிலிருந்து தான் காப்பாற்றிய குழந்தையைப் பார்க்க ஒரு மருத்துவர் விடுதிக்கு வருகிறார். கருணைக்கொலையை அதுவரை எதிர்த்தவர் அவர். உள்ளே போகிறார், கேமரா வெளியே நிற்கிறது. திரும்பி வரும்போது அவர் மனம் மாறியிருக்கிறது. அந்தக் குழந்தையை நாம் பார்ப்பதே இல்லை. பார்த்திருந்தால் யாராவது ஒருவருக்காவது அது குழந்தையாகத் தெரிந்திருக்கும். எனக்கு இந்தப் படத்தின் மிகக் கொடிய இடம் இதுதான். ஹன்னாவின் மரணம்கூட இல்லை.

படம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆகஸ்ட் 3இல், முன்ஸ்டர் நகர ஆயர் காலன் இந்தக் கொலைகளைத் தேவாலயத்திலேயே கண்டித்தார். ஆகஸ்ட் 24இல் ஹிட்லர் வாயுக் கொலைகளை நிறுத்தச் சொன்னார். கொலை நிற்கவில்லை. பட்டினி போட்டும் மருந்தை அளவுமீறிக் கொடுத்தும் 1945 வரை விடுதிகளுக்குள்ளேயே தொடர்ந்தது. படத்தை ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். பெரும்பாலோர் அதன் கருத்தை ஏற்பதாக 1942 ஜனவரியில் எஸ்.எஸ். உளவுப்பிரிவு அறிக்கை எழுதியது.

போருக்குப் பிறகு நேச நாடுகள் படத்தைத் தடைசெய்தன. லீபனைனர் தொடர்ந்து படம் எடுத்தார். 1956இல் அவர் இயக்கிய 'டிராப் குடும்பம்' பெரும் வெற்றி பெற்றது. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' அதன் வழியில் பிறந்ததுதான். நாஜிகளிடமிருந்து தப்பி ஓடும் ஒரு குடும்பத்தின் கதை அது.