கல்லாறு: பல்சக்கரம் கடிக்கும் ஸ்டேஷன்

எங்க கீரனூர்க்காரங்களுக்கு ரயில்னா பழனிதான். சின்ன வயசுல அங்க பார்த்த மீட்டர்கேஜ் பாதை இப்ப அகலப்பாதை ஆயிருச்சு. அந்தப் பழைய தண்டவாளத்தைப் பார்க்கணும்னே ஒருமுறை நீலகிரி மலை ரயில் ஏறினேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து 8 கிலோமீட்டரில், பாக்குத் தோப்புகளைத் தாண்டினால் கல்லாறு. சின்ன ஸ்டேஷன்தான். ஆனா மலை இங்கேதான் தொடங்குது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ரயில் வந்தது.

கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். மழை பெஞ்ச வரப்புல டிராக்டர் சக்கரம் வழுக்குமே, அந்தக் கதைதான். அதுக்காக சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறைப்படி, நடுவில் பல்தண்டவாளம் போட்டார்கள். கல்லாறில் வண்டி மெதுவாகி, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொள்ளும். எஞ்சின் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் பெட்டிகள் பின்னால் உருண்டாலும் அது தாங்கிக்கும். குன்னூர் வரை 20 கிலோமீட்டர் ஏற ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

அகலப்பாதையால எங்களுக்கு லாபம்தாங்க. பழனியில் ஏறினா நேரா சென்னை. ஆனா எங்க பாதையில ஒரு சின்ன ஸ்டேஷனையாவது பழசா விட்டு வச்சிருக்கலாம். என் பேரப்பிள்ளைகளுக்கு மீட்டர்கேஜைக் காட்ட நான் கல்லாறுக்கல்ல போகவேண்டியிருக்கு!

அடுத்தமுறை ஊட்டி ரயில் ஏறினா, கல்லாறில் போனைக் கீழே வச்சிட்டு அந்தப் பல்சத்தத்தைக் கேளுங்க.