குருதியின் செல்புற நுண்பைகளும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும்: அளவுகோல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

எர்வின் சார்காஃப், ராண்டால்ஃப் வெஸ்ட் ஆகிய இருவரும் 1946இல் குருதி உறைதலை ஆராய்ந்தனர். பிளாஸ்மாவை மிகுவேக மையவிலக்கியில் சுழற்றிய பின்னர், அது உறைவதற்கான நேரம் நீண்டதை அவர்கள் கண்டனர். அடியில் படிந்து நீங்கிய ஏதோவொரு நுண்பொருள் உறைதலைத் தூண்டிவந்தது என்பது இதனால் புலப்பட்டது. 1967இல் பீட்டர் வுல்ஃப் அத்தகைய நுண்துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, ‘தட்டணுத் தூசி’ எனக் குறித்தார். செல்புற நுண்பைகளின் ஆய்வு வரலாறு பெரும்பாலும் இவ்விரு ஆண்டுகளிலிருந்தே தொடங்கப்பெறுகிறது. எனினும் அவ்வரலாற்றில் பெயர்கள் பெற்ற கவனத்தை அளவுகோல்கள் பெறவில்லை.

தூசியை எண்ணுவதற்குக் கையாளப்பட்ட ஃப்ளோ சைட்டோமெட்ரி, செல்களை எண்ணுவதற்கென உருவான கருவியாகும். நீரோட்டத்தில் ஒவ்வொன்றாகச் செல்லும் செல்களின்மீது லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அது பதிவு செய்கிறது. சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். நுண்பைகளில் பெரும்பாலானவையோ 200 நானோமீட்டருக்கும் குறைந்தவை. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில், சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப அமையும். விட்டம் பாதியானால் ஒளி 64 மடங்கு குறையும். செல்லுக்குப் போதுமான கருவி, இங்குத் தன் மின்னணு இரைச்சலையே துகளாக எண்ணும் நிலைக்குத் தள்ளப்படுகிறது.

ஆய்வகங்களின் எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தாமையால், பொது அளவுகோலாகப் பாலிஸ்டைரீன் மணிகள் முன்வைக்கப்பட்டன. 2009இல் வெளியான ஓர் ஆய்வு 0.5, 0.9 மைக்ரோமீட்டர் மணிகளைக் கொண்டு எல்லை வகுத்தது. ஒப்பீட்டுக்கு அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6, நீர்மம் நிறைந்த நுண்பைக்கு அது 1.4 அளவே. ஒரே பருமனுள்ள மணியும் நுண்பையும் ஒரே அளவு ஒளியைச் சிதறச் செய்வதில்லை. எனவே மணியின் எல்லைக்குள் அகப்பட்டவை மணியைவிடப் பெரிய நுண்பைகளே. சில வேளைகளில் முழுத் தட்டணுக்களும் அவற்றுள் அடங்கின. நெல்லளக்கும் படியால் பஞ்சை எடையிட்டதற்கு இது ஒப்பாகும்.

அவ்வாறாயின் சிறிய நுண்பைகளுக்கும் கருவி குறிப்புக் காட்டியது எங்ஙனம்? எட்வின் வான் டெர் போல் குழுவினர் 2012இல் இதற்கு விடை கண்டனர். லேசர் கற்றைக்குள் ஒரே வேளையில் பல நுண்பைகள் திரளாக நுழைகையில், அவற்றின் கூட்டொளி ஒரே துகளாகப் பதிவாகிறது. மாதிரியைப் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பதே இதற்கான சோதனை. துகள்கள் தனித்தனியே பதிவாகுமாயின், எண்ணிக்கை நீர்ப்பின் விகிதத்தில் குறையும். ஒவ்வொன்றின் ஒளிச்செறிவோ மாறாது. இவ்வளவு எளிய சோதனை முன்னரே வழக்கமாகாதது வியப்பிற்குரியது.

குருதி வேறொரு இடரையும் தருகிறது. லிப்போபுரதங்கள் எண்ணிக்கையில் நுண்பைகளைப் பன்மடங்கு விஞ்சுகின்றன. கொழுப்புணவுக்குப் பின் அவை மேலும் பெருகுகின்றன. எதிர்ப்பொருள் திரள்களும் நுண்பைகளைப்போலவே தோற்றங்காட்டுவதை 2011இல் பென்ஸ் ஜ்யோர்ஜி முதலானோர் எடுத்துக்காட்டினர். சவ்வைக் கரைக்கும் டிடர்ஜென்ட்டைச் சேர்த்தால் நுண்பைகள் மறையும், திரள்கள் எஞ்சும் என்ற வேறுபாட்டை அவர்கள் பயன்படுத்தினர். மாதிரியில் தட்டணுக்கள் எஞ்சியிருப்பின், உறையவைத்து உருக்கும்போது அவை சிதைந்து புதிய துகள்களைத் தோற்றுவிப்பதும் உண்டு.

2020இல் வெளியான அறிக்கையிடல் நெறிமுறை, நீர்ப்புச் சோதனை, டிடர்ஜென்ட் சோதனை, கருவியின் உணர்திறன் வரம்பு ஆகியவற்றைப் பதிவு செய்யக் கோருகிறது. அதற்கு முந்தைய கட்டுரைகளில், உணர்திறன் வரம்பு குறிக்கப்படாத இடங்களில், நோயாளியர்க்கும் நலமுடையோர்க்கும் இடையே காட்டப்பட்ட எண்ணிக்கை வேறுபாடுகளைப் பிற ஆய்வகத் தரவுகளோடு இணைத்து நோக்க இன்று வழியில்லை.